தவணை தவறாதவர்கள்

"ஏழைங்களுக்குக் கடன் குடுத்தா திரும்பி வராது சார். தள்ளுபடி எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க."

கடற்கரைச் சாலை பெஞ்சில் என்னோடு உட்காரும் நண்பர் ஒருவர் போன வாரம் இப்படிச் சொன்னார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். காலை நேரத்தில் வாக்குவாதம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் நான் பேசாமல் வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

அரசாங்க வேலையில் என் பெரும்பகுதிக் காலம் சம்பளப் பட்டியல் போடும் மேசையில் போயிற்று. பிரெஞ்சில் படித்துவிட்டு வந்தவனுக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுவது முதலில் தடுமாற்றமாக இருந்தது. எண்களுக்கு மொழி கிடையாது என்பதால் அந்த மேசை எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்தப் பட்டியலின் வலது பக்கம் முழுக்கப் பிடித்தங்கள். வருங்கால வைப்பு நிதி முன்பணம், பத்து தவணையில் கழியும் பண்டிகை முன்பணம், சைக்கிள் முன்பணம், ஸ்கூட்டர் முன்பணம், வீடு கட்ட முன்பணம், கூட்டுறவுச் சங்கக் கடன். மேசை மின்விசிறி வாங்கக்கூட முன்பணம் இருந்தது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இத்தனையும் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் தருவோம்.

ஆகவே எங்கள் வகுப்பார் "வாழ்நாளில் ஒரு தவணை தவறினதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்தும்போது எனக்குச் சிரிப்பு வரும். தவறுவதற்கு நமக்கு வாய்ப்பே தரவில்லையே! பணம் நம் கையைத் தொடும் முன்பே தவணை போய்விட்டது. கடனும் எப்படிப்பட்ட கடன்? வைப்பு நிதி முன்பணம் நம்முடைய சொந்தச் சேமிப்பு. வீடு கட்டும் முன்பணத்தில் முதலில் 180 மாதம் அசலைப் பிடிப்பார்கள், அதன் பிறகு 60 மாதத்தில் வட்டியைப் பிடிப்பார்கள், அதுவும் தனி வட்டி. இன்று வங்கியில் வீட்டுக் கடன் வாங்கிய நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். முதல் சில ஆண்டுகள் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது, அசல் அசையவே மாட்டேன் என்கிறது என்பார்கள்.

இனி என் நண்பர் சொன்ன ஏழைக்கு வருவோம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கும் அம்மாவுக்கு நாற்பது வயதுக்குமேல் இருக்கும். மூன்று வீட்டு வேலையில் மாதம் 7,000 ரூபாய் வருகிறது. கணவர் பெயின்டர். மழைக்காலத்தில் வேலை இருக்காது. சராசரியாக வீட்டுக்கு 6,000 தருகிறார். ஆக, 13,000. ஒரு நாள் அவர் என்னிடம் ஒரு கடன் அட்டையைக் கொண்டுவந்து, "ஐயா, இதுல இன்னும் எத்தினி கட்டணும்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். பழைய தொழில் புத்தி, மற்ற அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லிக் கணக்குப் போட்டேன்.

மகளிர் குழுக் கடன் இரண்டு, வேறு வேறு நிறுவனங்களில். ஒன்று 40,000, மாதம் 2,140 கட்ட வேண்டும். இன்னொன்று 30,000, மாதம் 1,600. கம்மல் அடகில் 15,000, அதற்கு மாத வட்டி 300. கடைசியாகத் தண்டல், தினம் 100. எல்லாம் சேர்த்து மாதம் 7,040 ரூபாய். வரும் பணத்தில் பாதிக்கு மேல்.

தண்டல் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பத்தாயிரம் என்று பேர், கையில் தருவது 8,500. நூறு நாளைக்கு நூறு நூறாகக் கட்ட வேண்டும். "நூத்துக்குப் பதினஞ்சுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. கடன் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருவதால் நூறு நாளில் சராசரியாக அவரிடம் இருப்பது 4,250 ரூபாய்தான். அதற்கு வட்டி 1,500. நூறு நாளைக்கு 35 சதவீதம், ஆண்டுக் கணக்கில் 125-ஐத் தாண்டுகிறது. எனக்கு ஓய்வூதியம் வரும் வங்கியில் நான் கடன் கேட்டால் பத்து, பதினொன்று சதவீதத்துக்குத் தருவார்கள். மேலாளர் காபியும் வாங்கித் தருவார்.

இந்த அம்மா ஒரு தவணையும் தவறவில்லை. மூன்று ஆண்டு அட்டைகளைப் பார்த்தேன், ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறது. எப்படி முடிகிறது என்று கேட்டேன். குழுத் தவணை வரும் தேதியில் பணம் குறைந்தால் தண்டல் வாங்குவார். தண்டல் நெருக்கினால் கம்மல் அடகுக் கடைக்குப் போகும். அடுத்த குழுக் கடன் வந்ததும் கம்மலை மீட்பார். (பாரிஸில் அடகுக் கடைக்கு 'மா தாந்த்', அதாவது 'என் அத்தை', என்று செல்லப் பெயர். அத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் மானம் போகாது அல்லவா?) குழுக் கூட்டத்தில் ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. அவர்களே போட்டுக் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி முகத்தில் எப்படி முழிப்பது? அந்த வெட்கம்தான் இந்தக் கடனுக்கு ஜாமீன்.

நண்பரின் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. நிறுவனங்கள் வசூலைக் கடன் கடனாகப் பார்க்கின்றன. முதல் நிறுவனத்தின் பதிவேட்டில் இந்த அம்மா நூற்றுக்கு நூறு, இரண்டாவதிலும் அப்படியே. குடும்பத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு கடனை இன்னொரு கடன் அடைத்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் வட்டி கூடுகிறது. ரிசர்வ் வங்கி 2022-இல் ஒரு நல்ல விதி கொண்டுவந்தது. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு நுண்கடன் கொடுக்கும்போது, அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. ஆனால் தண்டலும் அடகும் எந்தக் கம்ப்யூட்டரில் ஏறுகிறது? ஏட்டில் இந்த அம்மாவின் தவணை 3,740 ரூபாய், வருமானத்தில் முப்பது சதவீதத்துக்கும் கீழே. விதிப்படி இன்னும் கடன் கொடுக்கலாம்!

நம் ஊர்ப் பக்கத்திலேயே இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் இசபெல் கெரேன் (அவர் பெயரைக் 'குவரின்' என்று படிப்பவர்களைக் கேட்டால் என் பழைய வாத்தியார் பிரம்பை எடுத்திருப்பார்) இங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து விழுப்புரம், கடலூர் கிராமங்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் ஆகியோரோடு சேர்ந்து 2023-இல் ஆங்கிலத்தில் 'தி இன்டெட்டட் உமன்', அதாவது 'கடன்பட்ட பெண்', என்ற நூலை வெளியிட்டார். கடன் தேடுவதும் தவணை புரட்டுவதும் அடுத்ததற்கு ஆள் பார்ப்பதும் ஏழைப் பெண்களுக்குக் கூலி இல்லாத இன்னொரு வேலையாகிவிட்டது என்பது அதில் முக்கியமான கருத்து. எங்கள் வீட்டு அம்மா அந்த நூலைப் படித்ததில்லை. அந்த வேலையைத் தினமும் செய்கிறார்.

அகில இந்தியக் கணக்கும் இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு எடுத்த கடன், முதலீட்டு ஆய்வின்படி கிராமங்களில் நூற்றுக்கு 35 குடும்பங்களுக்கும் நகரங்களில் 22 குடும்பங்களுக்கும் கடன் இருந்தது. நகரத்தார் கடனில் 87 சதவீதம் வங்கி போன்ற நிறுவனங்களில் வாங்கியது. கிராமத்தில் அது 66 சதவீதம். மீதி, வட்டிக்காரரிடமும் உறவுக்காரரிடமும் வாங்கியது. 1951-52-இல் எடுத்த முதல் ஆய்வில் கிராமக் கடனில் சுமார் 7 சதவீதம்தான் அரசு, கூட்டுறவு, வங்கி வழியாக வந்தது என்பதைப் பார்த்தால் முன்னேற்றம் பெரிதுதான். அதை மறுக்கவில்லை.

தள்ளுபடி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 2008-இல் வந்த பெரிய விவசாயக் கடன் தள்ளுபடி, வங்கியிலும் கூட்டுறவிலும் வாங்கிய கடனுக்குத்தான். வட்டிக்கடைக் கடன் அந்தத் தள்ளுபடியில் சேரவில்லை. பாத்திரம் தேய்ப்பவர் எந்தத் தள்ளுபடிக்குக் காத்திருப்பார்?

நண்பருக்குச் சாதகமான சாட்சி ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். 2010-இல் ஆந்திராவில் நுண்கடன் வசூல் கெடுபிடியால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்தி வந்து, அரசு அவசரச் சட்டம் போட்டது. அதன் பிறகு அங்கே வசூல் அடியோடு நின்றுபோயிற்று. "பாத்தீங்களா, ஆளு வரலன்னா கட்ட மாட்டாங்க" என்பார் நண்பர். சரி. சம்பளத்தில் பிடிக்காமல் விட்டிருந்தால் நம் அலுவலகத்தில் எத்தனை பேர் மாதம் ஒன்றாம் தேதி கஜானாவில் வரிசையில் நின்று கட்டியிருப்போம்? பட்டியல் போட்டவன் நான். எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

மேல்மட்டத்துக்கு வந்தால் கதை வேறு. 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் சுமார் 14.56 லட்சம் கோடி ரூபாய் கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2023-இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதில் பாதி பெருந்தொழில், சேவை நிறுவனங்களுடையது. கணக்கிலிருந்து நீக்குவதும் தள்ளுபடி செய்வதும் ஒன்றல்ல. வசூல் நடவடிக்கை தொடரும் என்பது உண்மை. வாட்ஸப்பில் இதைக் குழப்பி அனுப்புகிறார்கள். ஆனாலும் அந்தக் கம்பெனி முதலாளி வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கு யாரும் போய் உட்கார்ந்து சத்தம் போடுவதில்லை.

சட்டம் ஏழையைக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவை என் மேசையில் பலமுறை புரட்டியிருக்கிறேன். கடன் வழக்கில் தோற்ற ஊழியரின் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் கோர்ட் தொட முடியாது. அரசு ஓய்வூதியத்தைத் தொடவே முடியாது. அதே பிரிவில் கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோரின் கூலியையும் ஜப்தி செய்யக்கூடாது என்று இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தும் பயனில்லை. தண்டல்காரர் கோர்ட்டுக்கா போகிறார், தெருமுனைக்கு அல்லவா வருகிறார்!

அந்தக் காலத்தில் வியாபாரி நொடித்துப்போனால் 'மஞ்சள் கடுதாசி' கொடுத்துவிட்டான் என்போம். இன்று கம்பெனிகளுக்கு 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் இருக்கிறது. அதில் தீர்வு காணும் கம்பெனிகளில் கடன் கொடுத்தவர்கள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பெறுகிறார்கள். மீதியை விட்டுக்கொடுத்துக் கம்பெனியை நிமிர்த்துகிறார்கள். நல்லது, வேலைகள் பிழைக்கின்றன. இதே சட்டத்தில் ஏழைத் தனிநபருக்கும் 'புதிய தொடக்கம்' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு கிடையாது என்றால் விண்ணப்பித்துக் கடனிலிருந்து விடுபடலாம். அந்த அத்தியாயம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. தனிநபர்களில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் சட்டத்தைத் திறந்துவிட்டார்கள்.

பிரான்சில் 1989 டிசம்பர் 31-ஆம் தேதியிட்ட நேயேர்த்ஸ் சட்டத்திலேயே இதற்கு வழி செய்தார்கள். கடனில் மூழ்கியவர் பாங்க் து பிரான்சில் ஒரு 'தொசியே' கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஒரு குழு குடும்பத்தின் எல்லாக் கடன்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒதுக்கிய பிறகு எவ்வளவு கட்ட முடியும் என்று தீர்மானிக்கிறது. ஒன்றுமே முடியாது என்றால் கடனையே அழிக்கவும் செய்கிறது. அங்கே குடியேறிய என் உறவுக்காரப் பையன் ஒருவன் வேலை போனபோது இப்படித்தான் கரை ஏறினான். நம் ஊரில் பல குடும்பங்களுக்கு அங்கே ஆள் இருக்கிறது; விசாரித்துப் பாருங்கள்.

'புதிய தொடக்கம்' நாளைக்கே அமலுக்கு வந்தாலும் எங்கள் வீட்டு அம்மாவுக்கு உதவாது. அவருடைய ஆண்டு வருமானம் 84,000. அடகை விட்டுவிட்டுப் பார்த்தாலும் மற்ற கடன்களின் பாக்கி 55,000 வருகிறது. 2016-இல் எழுதிய வரம்புகள், அப்போதே குறைவு. எனவே இரண்டு கோரிக்கைகள்: அந்த அத்தியாயத்தை அமல்படுத்த வேண்டும், வரம்புகளை உயர்த்த வேண்டும். மக்களவையில் புதுச்சேரிக்கு இருப்பது ஒரே ஓர் உறுப்பினர். அவருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், தமிழில் ஒன்றரைப் பக்கம். வங்கி நண்பரிடம் நேற்றுக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு சந்திப்பிழையைத் திருத்திக் கொடுத்தார். கையெழுத்துப் போடுவதைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் காலை ஆறரைக்குள் பெஞ்சுக்கு வந்தால் போதும், பேனா என்னிடம் இருக்கிறது.