நடவாத போரும் நடந்த சோதனையும்

முஹம்மது அலியும் மைக் டைசனும் தத்தம் உச்சப் பருவத்தில் ஒரே மேடையில் மோதியிருந்தால் வெற்றி யாருக்கு? கள்ளக்குறிச்சித் தேநீர்க் கடைகளிலும், கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்துகளிலும், மக்ரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் நம் பிள்ளைகளிடத்தும் இவ்வினா ஓய்ந்தபாடில்லை. இருவரும் முஸ்லிம்கள் ஆதலின் நம் வீடுகளில் இவ்வாதத்திற்குத் தனிச் சூடும் உண்டு. ஆனால் இரு சாராரும் வினாவைச் சரியென ஏற்றுக்கொண்டே விடை தேடுகின்றனர். வினாவே பிழையானது என்பது நம் கட்சி.

முதற்கண் இரு சாராரின் சான்றுகளையும் நேர்மையாக எடுத்துரைப்போம். 1986 நவம்பர் 22ஆம் நாள் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தி, 20 வயதில் ஹெவிவெயிட் உலகப் பட்டம் பெற்றவர் டைசன். அவ்வளவு இளவயதில் அப்பட்டத்தைப் பெற்றவர் வேறெவரும் இலர். அதே பெர்பிக்கிடம்தான் 1981 டிசம்பரில் அலி தம் கடைசிப் போட்டியில் தோற்றார். 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை டைசன் 91 நொடிகளில் முடித்தார். அலியின் பக்கமும் எளியதன்று. டைசனைவிட 5 அங்குலம் உயரமும், நீண்ட கைகளும், அவ்வெடைக்கு வியக்கத்தக்க கால் வேகமும் உடையவர் அவர். 1967 மார்ச் வரை 29 போட்டிகளில் இறங்கி 29இலும் வென்றவர்.

இவ்வளவும் உண்மையே. இவற்றினின்று பெறப்படும் முடிபு என்ன? ஒன்றுமில்லை. ஏனெனில் 'உச்சப் பருவம்' என்னும் சொல் இவ்வாதத்தில் தோல்விகளை மறைக்கும் திரையாகவே பயன்படுகிறது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் டைசன் வீழ்ந்தாரே என்றால், அது உச்சப் பருவமன்று என்கின்றனர். அன்று அவருக்கு வயது 23! இருபத்து மூன்றில் ஒருவனுக்கு இறங்குமுகமா? 1971இல் அலி ஜோ ஃபிரேசியரிடம் தோற்றதை அவர் அன்பர்களும் இவ்வாறே கழித்துவிடுகின்றனர். செலவை எழுதாமல் வரவை மட்டும் எழுதும் கடைக்காரன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான். இவர்களும் அவன் வகையினரே.

இயந்திரம் முடிவு சொல்லும் என்பார் உளர். அதையும் உலகம் கண்டாயிற்று. அலியும் ராக்கி மார்சியானோவும் 1969இல் ஒளிப்பதிவுக் கருவியின் முன் குத்துவதுபோல் நடித்தனர். கணிப்பொறி கண்ட முடிவு எனும் விளம்பரத்தோடு 1970 ஜனவரியில் அப்படம் திரைக்கு வந்தது. அமெரிக்கத் திரைகளில் 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ அலி வென்றார்! இயந்திரம் உரைத்தது தீர்ப்பா, சீட்டு வாங்கியவரின் விருப்பமா?

ஒப்பிடுதலே கூடாது என்பது நம் கருத்தன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஆமிதி எனும் அறிஞர், அபூதம்மாம், புஹ்துரீ எனும் இரு பெருங்கவிஞரை ஒப்பிட 'அல்முவாஸனா' எனும் நூலையே யாத்தார். மொத்தத்தில் யார் பெரியவர் எனத் தாமே தீர்ப்புரைக்காமல், ஒரே பொருளை இருவரும் எவ்வாறு பாடினர் என அருகருகே வைத்துக் காட்டுவதே அவர் கொண்ட முறை. இருவருக்கும் பொதுவாய் வாய்த்த ஒன்றை நிறுப்பதே நேரிய ஒப்பீடு. தமிழ் மரபும் இதற்கு மாறன்று. சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடினார். அது நடந்த போர். நடவாத போர் அன்று.

அலிக்கும் டைசனுக்கும் பொதுவாய் வாய்த்த ஒன்று உண்டா? உண்டு. நம் பிள்ளைகள் கண்ணில் அது படாததே நம் வருத்தம். இருவருமே 25 வயதில் மேடையை இழந்தனர். அலிக்கு 28 வயதிலும் டைசனுக்கு 29 வயதிலும்தான் அது திரும்பக் கிடைத்தது.

1967 ஏப்ரல் 28 அன்று, வியட்நாம் போருக்கான படையில் சேர அலி மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, குத்துச்சண்டை உரிமம் பறிபோயிற்று, 5 ஆண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டால் சிறை செல்லாதிருந்தாரேயன்றி, 1970 அக்டோபர் வரை அவரால் மேடை ஏற இயலவில்லை. 1971 ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது.

டைசனோ 1992 பிப்ரவரியில், 18 வயதுப் பெண்ணொருத்தியை வன்புணர்ந்த குற்றத்திற்காக இண்டியானா நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அவர் அதை மறுத்தே வந்தாலும் தீர்ப்பு மாறவில்லை. 1995 மார்ச்சில் விடுதலையானார். சிறையில் இருந்தபோது இஸ்லாத்தைத் தழுவினார் என்பது மகிழ்ச்சிக்குரியதே. அவருடைய தவ்பா அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. அதை அளக்க நாம் யார்? ஆயினும் ஒருவர் கொல்ல மறுத்து இழந்த ஆண்டுகளையும், மற்றவர் ஒரு பெண்ணுக்கு இழைத்த கொடுமைக்காக இழந்த ஆண்டுகளையும் பாராமல், கைநீளத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பது என்ன அறிவு?

நம் கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பிறந்து மழைக்காலத்தில் பெருகி வருகிறது. அப்போது மதகை அடைத்துவிட்டுக் கோடையில் மணலில் நின்று ஆற்றின் அகலத்தை அளப்பவன் எதைக் கண்டான்? அலியின் வெள்ளப் பருவம் அடைபட்டே கழிந்தது. அதை முழுமையாக எவரும் கண்டதில்லை. 1974இல் ஜார்ஜ் ஃபோர்மனை அவர் வென்றது 32 வயதில், அவ்வெள்ளம் வடிந்த பின்னர்.

குத்துச்சண்டையே கூடாதெனும்போது இப்பேச்சு எதற்கு எனச் சில பெரியோர் வினவலாம். முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கியதையும், 1987இல் மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம் இவ்விளையாட்டை ஹராம் எனத் தீர்மானித்ததையும் நாம் அறிவோம், மதிக்கிறோம். அதனாலேயே சொல்கிறோம்: யார் முகத்தை யார் பிளப்பார் என்பதில் நம் பிள்ளைகள் மார்க்கப் பெருமை தேடலாகாது. அலியும் குறையற்றவர் அல்லர். மணிலாப் போட்டிக்கு முன் ஃபிரேசியரைக் குரங்கென இழித்துரைத்தது அழகன்று. அவரிடம் நாம் போற்றுவது குத்தை அன்று. கூலியும் புகழும் ஒருபுறம் நிற்க, மனச்சான்று மறுபுறம் நின்றபோது அவர் கொண்ட முடிவையே.

1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது அவருக்கு வயது 38. உச்சப் பருவம் எப்போதோ கடந்திருந்தது. ஆயினும் மக்கள் திரளாகக் கூடினர். வெறும் குத்தின் வேகத்தைக் காணவா அவ்வளவு பேர் கூடினர்?

பெற்றோர்களே! அடுத்த முறை உங்கள் வீட்டில் இவ்வாதம் எழும்போது பிள்ளைகளை அதட்டி அடக்க வேண்டா. இருவரும் 25 வயதில் எதை இழந்தனர், எதற்காக இழந்தனர் என்று கேளுங்கள். பிறகு, அவ்வயது உனக்கும் வருமே, அன்று நீ எதை இழக்கத் துணிவாய் என்றும் கேளுங்கள். அதற்கான விடையை எந்தக் கணிப்பொறியும் தராது. பிள்ளைதான் தர வேண்டும்.