அக்கி ஆறிய பின்னும்

தஞ்சை ஜில்லாவில் ஒருவருக்கு அக்கி கண்டுவிட்டால், வைத்தியரின் ஞாபகம் வருமுன் வேளார் வீட்டின் ஞாபகம் வந்துவிடுகிறது. அவரும் காவி மண்ணைக் குழைத்து எழுதிவிடுகிறார். சில வாரங்களில் கொப்புளமும் உலர்ந்துவிடுகிறது. முன்னோர் வழக்கத்தைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. ஆனால் எழுதாவிட்டாலும் கொப்புளம் உலர்ந்துவிடும் என்பதையும், உலர்ந்த பிறகு சிலருக்கு வரும் வலியே பெரிய உபாதை என்பதையும் நேயர்கள் அறிதல் வேண்டும்.

பால்யத்தில் வந்துபோன சின்னம்மையின் கிருமி உடலை விட்டு நீங்குவதில்லை. நரம்பின் வேரருகே பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, தேகபலம் குன்றும் வயதில் ஒரு நரம்பின் வழியே கிளம்புகிறது. ஆகவேதான் அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போல் ஓடுகிறது. நரம்பு சேதமுற்றால், மூன்று மாதம் கழிந்தும் எரிச்சல் ஓயாது. மேல்துண்டு பட்டாலும் நெருப்புப் பட்டது போலிருக்கும். உறக்கமும் போய்விடும்.

இதற்கு மாத்திரைகள் உண்டு. அவற்றுக்கு அடங்காதபோது, வலி சிகிச்சையில் தேர்ந்த வைத்தியர்கள் நரம்பைத் தடுக்கும் ஊசி போடுகிறார்கள். 1884-ல் கார்ல் கோலர் என்பவர் வியன்னாவில் கண்ணை மரக்கச் செய்து காட்டிய வித்தையின் வளர்ச்சியே இது. முதுகெலும்பின் அருகே, அல்லது விலா எலும்பின் அடியில், நோயுற்ற நரம்பைக் கருவியால் பார்த்து மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள்.

மதகை அடைத்தால் வாய்க்காலில் நீர் நிற்கும், ஆற்றில் வற்றாது. இந்த ஊசியும் அப்படியே. சிலருக்குச் சில மணி நேரமும், சிலருக்குச் சில வாரங்களும் நிம்மதி தரும், நோயை வேரறுக்காது. அக்கி கண்ட சுமார் 600 பேரைக் கொண்டு ஹாலந்தில் நடந்து 2006-ல் வெளியான ஆராய்ச்சியில், முதுகில் போட்ட ஒரே ஊசி முதல் மாத வலியைச் சற்றுக் குறைத்தது; நீடித்த வலியைத் தடுக்கவில்லை. நீரிழிவு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் அதை முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே முந்திக்கொள்வதே விவேகம். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற கிருமி மருந்தைத் தொடங்கினால் நோயின் வேகம் தணியும். நெற்றியிலோ மூக்கிலோ கண்டால் கண்ணுக்கே ஆபத்து. அன்றே போக வேண்டும். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுவதற்குள் அந்த மூன்று தினங்கள் கழிந்துவிடுகின்றன. தஞ்சையில் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1959-ல். இன்று நமக்கு வழி தூரமில்லை.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான தடுப்பு ஊசியும் 2023-ல் நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. இரண்டு தடவை போட வேண்டும். அதன் விலையோ கூலிக் குடும்பத்துக்கு எட்டாதது. நமக்குச் சோறளித்து முதுமையடைந்தவர்களுக்கு அதை எட்டச் செய்வது சர்க்காரின் கடமையென்பது நமது அபிப்பிராயம்.

வேளாரிடம் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். வைத்தியரைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதே நமது வேண்டுகோள்.