ஓடு என்றால் ஓடுவதா?

ஆங்கிலம் கற்கத் தொடங்குபவருக்கு முதல் மாதத்திலேயே அறிமுகமாகும் சொற்களுள் ஒன்று 'ரன்'. ஓடு என்பது பொருள் என்று ஆசிரியர் சொல்லித் தருவார். ஆனால் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியைத் திருத்தியவர்கள் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு மாத்திரம் 645 பொருள்களை வகுத்தார்கள். அந்த வேலையைச் செய்த பீற்றர் கிலிவருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன.

இதைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. நம் தமிழிலும் ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கணக்குப் போட உட்கார்ந்தால் மூளை ஓட மறுக்கிறது. இவற்றுள் ஒன்றுக்கும் காலில்லை. அருகில் நிற்கும் சொல்லைக் கொண்டே பொருளை உணர்கிறோம்.

மொழிகள் சில இடங்களில் ஒத்துப் போகும். சளி பிடித்தால் மூக்கு ஓடுவதாக ஆங்கிலேயரும் ஜேர்மானியரும் நாமும் சொல்கிறோம். வயிற்றோட்டமும் ஆங்கிலப் பேச்சு வழக்கில் ஓட்டந்தான். வேறு சில இடங்களில் பிரிந்து விடும். கடையை ஆங்கிலேயர் ஓட்டுவர், நாம் நடத்துவோம். நீரிழிவு குடும்பத்தில் 'ஓடுகிறதா' என்று ஆங்கிலம் பேசும் வைத்தியர் கேட்டால், பரம்பரையில் உண்டா என்பதே கேள்வி. தகப்பனுக்கும் தமையனுக்கும் நீரிழிவு இருந்தும், கேள்வி விளங்காமல் இல்லையென்று தலையசைத்தால், உரிய காலத்தில் செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனை பிந்திப் போகும்.

சூக்கில் வாழும் நமக்கு இதைவிட அருகில் ஒரு பொறி உண்டு. 'லௌஃபன்' என்ற ஜேர்மன் சொல்லுக்கு அகராதியில் ஓடுதல் என்ற பொருளே முதலில் கண்ணில் படும். சுவிஸ் பேச்சு வழக்கிலோ அது நடத்தலைக் குறிக்கும். ஓடுவதற்கு இங்குள்ளவர்கள் சொல்வது 'ஷ்பிரிங்கன்'. வகுப்பில் அதற்கு நாம் படித்த பொருள் குதித்தல்! முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்தவரிடம், "தினமும் லௌஃபன் நல்லது, ஷ்பிரிங்கன் கூடாது" என்று சொல்லப்படுகிறது என வைத்துக்கொள்வோம். தினமும் நட, ஓடாதே என்பது அறிவுரை. தினமும் ஓடு, குதிக்காதே என்று அவர் எடுத்துக்கொண்டால், ஆறி வரும் முழங்காலின் கதி என்ன?

ஆகவே அன்பர்கள் சில பழக்கங்களைக் கைக்கொள்வது நல்லது. விளங்காத இடத்தில் "யா, யா" என்று தலையாட்ட வேண்டாம். கேட்டதைச் சொந்த வார்த்தையில் வைத்தியருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம், எத்தனை முறை, எந்த நாள் முதல் என்பவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். நடப்பதா, ஓடுவதா என்ற ஐயம் வந்தால் எழுந்து இரண்டடி நடந்து காட்டிக் கேட்டாலும் குற்றமில்லை. பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்வதிலும், வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்பது மேல். பிள்ளைக்கு டொச் தெரியும். நோயைப் பற்றித் தெரியாது.