ஒரு தாளுக்குள் எவ்வளவு தண்ணீர்?

உங்கள் பிள்ளையின் நோட்டுத் தாள், இயந்திரத்தின் சல்லடை மீது கூழாக விழுந்தபோது அதில் ஏறக்குறைய 99 சதவிகிதம் தண்ணீர்! வடியும் நீரை ஆலைகள் வீணாக்குவதில்லை. நார்த்துகள் கலந்து பால்போல இருக்கும் இந்த ‘வெள்ளை நீர்’, அடுத்த கூழைக் கரைக்கத் திரும்பப் போகிறது.

கூழை வேகவைத்து, வெளுக்கும்போது மிஞ்சும் கழிவுநீர்தான் தலைவலி. அதை அப்படியே ஆற்றில் விட்டால், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆற்றின் ஆக்சிஜனையும் காலி செய்துவிடும்; மீன்கள் மடியும். அதனால் கசடைப் படியவைத்து, காற்றை ஊதி, அதே நுண்ணுயிர்களை ஆலைக்குள்ளேயே வேலை வாங்குகிறார்கள்.

கரூர் அருகே காகிதபுரத்தில் இருக்கிறது, 1979-ல் நிறுவப்பட்ட டி.என்.பி.எல். கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் ஆலை இது. சக்கை கழுவிய நீரிலிருந்து எடுக்கும் மீத்தேன், அங்குள்ள சுண்ணாம்புச் சூளையை எரிக்கிறது. சுத்திகரித்த நீர் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாய்கிறது.

ஒரு எச்சரிக்கை: இந்த வகைச் சுத்திகரிப்பில் நீரில் கரைந்த உப்பு போகாது. எந்த ஆலையின் நீர் பாய்ந்தாலும், மண்ணையும் கிணற்றையும் அடிக்கடி பரிசோதிப்பது அவசியம்.

நம்மால் முடிந்தது? தாளின் மறுபக்கத்திலும் எழுதுவோம். பழைய நோட்டுகளைக் குப்பையில் போடாமல் பேப்பர்காரரிடம் கொடுப்போம்!