ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்யா!

சென்னையை ஒட்டிய மாங்காட்டில் ஷட்டில் சொல்லித்தரும் ஒரு கோச் தன் அக்ரிமென்டைக் காட்டினார். வேலையை விட்டால் ஓராண்டுக்கு, ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் வேறெங்கும் அவர் பயிற்சி தரக்கூடாதாம். “இந்த ஷரத்து இல்லாமல் அகாடமி நடத்த முடியாது சார்” என்பது உரிமையாளர்கள் பலரும் சொல்லும் பேச்சு. பெற்றோரும் தலையாட்டுகிறார்கள்.

கையெழுத்துப் போட்டால் கட்டுப்பட வேண்டாமா என்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவைப் படிக்கட்டும். ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வியாபாரத்தை நற்பெயரோடு சேர்த்து விற்றவருக்கு மட்டும் விதிவிலக்கு. மாதச் சம்பளக்காரர் எதை விற்றார்? ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானைப் பிடித்துவைக்கப் பார்த்த பெர்செப்ட் டி மார்க் என்ற ஏஜென்ட் நிறுவனத்தின் ஷரத்தை, 2006-இல் உச்ச நீதிமன்றம் இதே பிரிவின்படி செல்லாததாக்கியது.

“ஐந்து கிலோமீட்டர்தானே!” என்பது அடுத்தது. 1874-லேயே கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு நகரின் ஒரு பகுதியில் மட்டும் கடையை மூடச் சொன்ன ஒப்பந்தத்தைப் பற்றியதுதான். அதுவும் செல்லவில்லை. போகட்டும், இங்கே அந்த ஐந்து கிலோமீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன? பூந்தமல்லி, ஐயப்பன்தாங்கல், ஏறக்குறைய குன்றத்தூரும். காலை ஆறு மணி பேட்ச், மாலை ஐந்து மணி பேட்ச் என்று பைக்கில் ஓடுகிறவருக்குப் பிழைப்பே இந்த வட்டம்தான்.

“முதல் போட்டது நாங்கள்.” உண்மை. கோர்ட், மேட், விளக்கு எல்லாம் உங்களுடையவை; கோச் போனாலும் அவை அங்கேயேதான் இருக்கும். பின்னே எது போகிறது? எட்டு வயதுப் பெண் ராக்கெட்டைத் தோசைக்கரண்டி மாதிரி பிடிக்கிறாள். கோச் எதிர்ப்பக்கம் நின்று ஒரு டப்பா ஷட்டிலையும் ஒவ்வொன்றாகப் போடுகிறார். நடுநடுவே வந்து அவள் கட்டைவிரலைத் திருப்பி வைக்கிறார். மூன்று மாதத்தில் கை தானாகத் திரும்புகிறது. அவர் போகும் இடத்துக்கு அவளும் போனால், அது அவள் வீட்டு முடிவு. அகாடமியின் ஃபோன் நம்பர் பட்டியலை அவர் நகலெடுத்துப்போனால் மட்டும் கேளுங்கள், அது நியாயம்.

பயிற்சி முறை ரகசியமாம். யூடியூபில் இல்லாத டிரில்லா!

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கோச்சைச் செலவழித்துப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) படிப்புக்கு அனுப்பியவர், பாதியில் விட்டுப்போனால் பணத்தைக் கேட்கலாம். மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது பொதுத்துறை வங்கி, ஆள் சேர்ப்பதற்கே பெருஞ்செலவு என்பதும் கணக்கில் வந்தது. வேலையில் இருக்கும்போதே எதிர் அகாடமிக்கும் போவதைத் தடுக்கலாம், 1967-லிருந்தே அதற்குத் தீர்ப்பு உண்டு. இரண்டுமே, விலகியவரைச் சும்மா உட்காரச் சொல்லவில்லை.

செல்லாத ஷரத்து ஏன் வேலை செய்கிறது? ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தாலே கோச் பயந்துவிடுகிறார். சில இடங்களில் அவருடைய ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் உரிமையாளரின் பீரோவில் இருக்கிறது. கோச்சுகளே, கையெழுத்துக்கு முன் அக்ரிமென்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.