டாக்டர் தனியார், மருந்து சர்க்கார்

நம் வயதுக்காரர்களுக்கு டிபி என்றால் தாம்பரம் சானடோரியம்தான் ஞாபகம் வரும். 'அவனைத் தாம்பரத்துக்கு அனுப்பிவிட்டார்கள்' என்றால் மேற்கொண்டு யாரும் விசாரிக்க மாட்டார்கள். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பி.சி.ஜி. ஊசியின் சி-யும் ஜி-யும் கால்மெத், கெரேன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் இந்த நோயில் நம் ஊருக்கும் பெருமை உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் குணமாவது போலவே குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. சேத்துப்பட்டில் இன்றும் அது வேறு பெயரில் இயங்குகிறது.

வீட்டிலேயே மருந்து என்றால் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று யாராவது பார்க்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

எண்பதுகளில் என் செக்‌ஷனில் ஒருவர் இருந்தார், மந்தைவெளிவாசி. தி.நகரில் ஒரு டாக்டரிடம் ரகசியமாக வைத்தியம். மூன்றாம் மாதம் இருமல் நின்றது, உடம்பு தேறியது. மருந்தோ விலை அதிகம், நிறுத்திவிட்டார். மறுபடி வந்தபோது வேறு டாக்டர், வேறு மாத்திரைகள். முதல் சீட்டை இரண்டாமவர் பார்க்கவே இல்லை. ஒரே விஷயத்துக்கு இரண்டு ஃபைல் திறந்து, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் விட்டது மாதிரி. ரிடையர் ஆகுமுன்பே போய்விட்டார். மருந்துக்கு மசியாத டிபி என்ற பேச்சையே அன்று நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

இன்று நிலைமை வேறு. ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்று சளியைச் சோதித்து இரண்டே மணி நேரத்தில் சொல்லும் கருவி இருக்கிறது. அடங்காவிட்டால் முன்பு ஒன்றரை, இரண்டு வருடம் வைத்தியம், கூடவே காதைக் கெடுக்கும் ஊசிகள். நந்திதா வெங்கடேசன் அப்படித்தான் கேட்கும் திறனை இழந்தார். பெடாகுவிலின் மருந்தின் காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். 2023-ல் நீட்டிப்பு மறுக்கப்பட்டது. 2024-ல், அந்த மருந்தை உள்ளிட்ட நான்கு மருந்துகளால் ஆன ஆறு மாதச் சிகிச்சையை மத்திய அரசு அனுமதித்தது. எல்லோருக்கும் பொருந்தாது என்றாலும் பெரிய விஷயம்.

ஆனால் பெடாகுவிலின் நம் தெரு மருந்துக்கடையில் கிடைக்காது, அரசுத் திட்டம் வழியாகத்தான் வரும். மயிலாப்பூர், அடையாறுக்காரர்களோ முதலில் போவது தனியார் டாக்டரிடம். இரண்டும் சேராவிட்டால் நஷ்டம் நோயாளிக்கு. 1999-ல் சென்னையில் தொடங்கிய 'ரீச்' அமைப்பு இந்தப் பாலத்தைத்தான் கட்டியது: டாக்டரை மாற்ற வேண்டாம், மருந்து மட்டும் அரசிடமிருந்து இலவசமாக வரும்.

2012 முதல் தனியார் டாக்டர்களும் டிபி நோயாளிகளைப் பதிவு செய்தாக வேண்டும். 2014 முதல் மருந்துக்கடையும் இந்த மருந்துகளுக்குத் தனி ரிஜிஸ்டர் வைக்க வேண்டும். ரிஜிஸ்டரோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், பதிவது பாதி வேலைதான். நோயாளியை அனுப்பிய டாக்டருக்கு, சோதனையில் என்ன வந்தது, மருந்து தொடர்கிறதா என்று மாதாமாதம் பதில் போக வேண்டும். பதில் வராத ஆபீசுக்கு யார் இரண்டாவது கடிதம் எழுதுவார்கள்?

நம் பக்கமும் கோணல் உண்டு. சுகாதார ஊழியர் ஃபிளாட்டுக்கு வந்தால் வாட்ச்மேன் கேட்பான், பெண்ணின் கல்யாணம் தட்டிப்போகும் என்று பயந்து தப்பான விலாசம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் திட்டிப் பயனில்லை. மாத்திரையை டாக்டரின் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளட்டும், விசாரணை போனில் நடக்கட்டும்.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? உங்கள் டாக்டரிடமே போங்கள். டிபி என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சோதித்தாயிற்றா? நிக்‌ஷய் பதிவில் பேர் ஏறியதா? ஏறியிருந்தால் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு.