பூட்டை உடைத்தவர் யார்?

“குற்றமற்றவன் அஞ்சுவானேன்?” கடிதத்தைப் பிரித்த கை பிடிபட்டதும், ஒட்டுக்கேட்ட காது அகப்பட்டதும், ஆளவந்தார்கள் தூக்கும் கேடயம் இது. அந்தக் கேள்வியை ஆள்வோர் பக்கமே திருப்பிய எண்மரின் கதையைக் கேளீர், தோழர்களே!

1971 மார்ச் 8. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில், மீடியா எனும் சிற்றூர். முகமது அலியும் ஜோ பிரேசியரும் மோதிய குத்துச்சண்டையில் நாடே மூழ்கிக் கிடந்த இரவு. எஃப்.பி.ஐ. அலுவலகக் கதவு நெம்பித் திறக்கப்பட்டது. நுழைந்தது கொள்ளைக் கூட்டமா? அன்று! இயற்பியல் பேராசிரியர் டேவிடன் திரட்டிய குழு. மூன்று குழந்தைகளின் பெற்றோரான ரெயின்ஸ் இணையர் அதில் உண்டு. வாடகைக்கார் ஓட்டிய இளைஞர் ஃபோர்சைத் உண்டு. பொன் எடுத்தாரில்லை, பொருள் எடுத்தாரில்லை. காகிதங்களை எடுத்தனர், பத்திரிகைகட்கு அனுப்பினர்.

காகிதங்கள் பேசின! அஞ்சல் பெட்டி ஒவ்வொன்றின் பின்னும் ஒற்றன் நிற்பதாகப் போர் எதிர்ப்பாளர்கள் நடுங்கவேண்டுமாம்; ஓர் ஆவணத்தின் கருத்து அது. இன்னொரு தாளில் ‘கோயின்டெல்புரோ’ எனும் புரியாத சொல். செய்தியாளர் கார்ல் ஸ்டெர்ன் வழக்காடி அதன் பொருளை வெளிக்கொணர்ந்தார்: 1956 முதல் நடந்த மறைமுகச் சதித்திட்டம்! மார்ட்டின் லூதர் கிங்கைத் தற்கொலைக்குத் தூண்டும் வகையில் 1964-இல் வந்த பெயரில்லாக் கடிதமும் அந்தத் துறையின் கைவரிசையே என்பதைச் செனட் குழு 1975-இல் அம்பலமாக்கிற்று.

“சட்டத்தை மீறினரே!” என்பீர். மீறினர், சிறைக்கும் துணிந்தே மீறினர். திருடனைப் பற்றித் திருடனிடமே மனுக் கொடுப்பதா? அவர்கள் உடைத்தது ஒரு கதவை. அரசு உடைத்தது கோடி மக்களின் நெஞ்சக் கதவை!

“வள்ளுவரே ஒற்றாடல் பாடினாரே” என்பாரும் உண்டு. பாடினார். ஆனால், அதற்கு முன்பே கொடுங்கோன்மையைக் கடிந்தார். குடிகள் வெருவும் செயல் செய்யாதே என ஓர் அதிகாரமே வகுத்தார். முன்னதை மறந்து பின்னதை மட்டும் படிப்பது அரசியலா, அரம்பத்தனமா?

இருநூறு பேருக்கு மேல் ஏவியும் எண்மரைப் பிடிக்க முடியவில்லை. 1978-இல் வேவுக்குக் கடிவாளமிடச் சட்டம் வந்தது. கடிவாளம் நின்றதா? கோடிக்கணக்கானோரின் தொலைபேசிக் குறிப்புகள் குவிக்கப்பட்டதை 2013-இல் ஸ்னோடன் காட்டினார். சட்டம் உறங்கும், தோழர்களே, குடிமகன் உறங்கலாகாது!

குற்றமற்ற அரசே, நீ அஞ்சுவானேன்? திற, உன் கோப்புகளை!